யாரோ பெத்த பிள்ளையோட படம்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதறது. நீ அங்க உடம்புக்கு ஒண்ணும் வராம, நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நல்லா இருக்கணும், காலையில கண்ணு முழிச்சதும் நானும் அப்பாவும் நினைக்கிறது அது ஒண்ணுதான். இங்க அப்பா, அக்கா, மாப்பிள்ளை, குட்டி எல்லாரும் சுகம். நானும் சுகம்னு எழுதத்தான் உக்காந்தேன், ஆனா உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது, உடம்பு சுகம், மனசுதான் கொஞ்ச நாளா ஒரு நிலையில இல்ல. ஞாயித்துக்கிழமை நீ கோவமாப் பேசிட்டு போனைப் பாதியில வெச்சுட்ட. நானும் திரும்பக் கூப்பிடல. கூப்பிட்டா நீ ஒண்ணு சொல்ல நான் ஒண்ணு சொல்ல பேச்சு வளரும். எழுதினா நீ குறுக்க பேச முடியாது பாரு, அதான் பேனாவை எடுத்தேன். அக்கா இதைப் படம் பிடிச்சு உன் போனுக்கு அனுப்பறேன்னு சொல்லியிருக்கா, எழுத்து கோணலா இருந்தா பெரிசாக்கிப் படிச்சுக்கோ.

முதல்ல வீட்டு சங்கதியைச் சொல்லிடறேன். அப்பாவுக்கு வலது கண்ணுல புரை எடுத்தாச்சு. டாக்டர் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாதுன்னு சொன்னதை அப்பா கடைக்கே வரக் கூடாதுன்னு சொன்ன மாதிரி எடுத்துக்கிட்டு நாலு நாள் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டார். இப்ப ஸ்டூடியோவுல கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு நாற்காலியில உக்காந்து எனக்கு உத்தரவு போடறார், லைட்டை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம், அவர் தாடையைத் தூக்கச் சொல்லுன்னு. குட்டி இப்ப பேச ஆரம்பிச்சிருக்கு. அம்மா அப்பான்னு வரும்னு பாத்தா, யாரைக் கண்டாலும் சிரிங்க சிரிங்கன்னு சொல்லுது, எல்லாம் தாத்தா பக்கத்துல உக்கார வெச்சதோட பலன். உன் ரூம் ஜன்னல்ல கொக்கி உடைஞ்சு காத்துக்கு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, மாப்பிள்ளை வந்து மாத்திட்டுப் போனார். சரி, இனிமே நீ கேட்டதுக்கு வர்றேன்.

எதுக்கும்மா உனக்கு இந்த வேலை, எங்கயோ இருக்கற ஈரான்ல என்னமோ நடக்குது, அதுக்கு நீ எதுக்கு நடுத்தெருவுல செத்தவன் படத்தைத் தூக்கிட்டு நிக்கறன்னு கேட்ட. உன் சிநேகிதன் அந்தப் போட்டோவை அனுப்பி இது உங்க அம்மாதானேன்னு கேட்டப்ப உனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சுன்னு சொன்ன. போடத்தான் செய்யும். ஒரு வார்த்தை உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம், ஆனா நேரம் அப்படி அமையல. நடந்தது நடந்தபடி எழுதறேன், படிச்சு முடிச்சுட்டு அப்புறம் கோவப்படு.

ஈரான்ல இருந்து ஒரு பொண்ணு இந்த ஊர் காலேஜ்ல மருந்துப் படிப்பு படிக்க வந்தா. நீ கிளம்பிப் போனதுக்கு அப்புறம்தான் வந்தா, அதனால உனக்குத் தெரியாது. முதல் தடவை பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தப்ப பையில இருந்து ஒரு துணியை எடுத்துத் தலையைச் சுத்தி மூடிக்கிட்டு உக்காந்தா. எடுத்து முடிச்ச உடனே அதைக் கழட்டி நாலா மடிச்சுப் பைக்குள்ள போட்டுட்டா. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். எங்க நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு இப்படித்தான் வேணும், எனக்கு இப்படி வேண்டாம்னு உடைஞ்ச பேச்சுல சொல்லிட்டுச் சிரிச்சா. அதுக்கப்புறம் அவளும் அவ கூடப் படிக்கிற அந்த நாட்டுப் பிள்ளைங்களும் எது வேணும்னாலும் நம்ம கடைக்குத்தான் வருவாங்க. நம்ம பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமா என்கிட்டதான் கத்துக்கிட்டா. ஆன்ட்டி, என் மூக்கைக் கொஞ்சம் சின்னது பண்ணுன்னு கேப்பா. மூக்கை சின்னது பண்ணினா அப்புறம் ஏர்போர்ட்ல இது நீ இல்லன்னு திருப்பி அனுப்பிடுவாங்கன்னு அப்பா சொல்வார். கடையில அவளுக்கு மருந்துப் பொண்ணுன்னே பேராயிடுச்சு. அவ தம்பி அங்க லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். தினமும் அவனோட போன்ல சண்டை போடுவா, என்ன சண்டைன்னு நமக்குப் புரியாது, ஆனா அக்கா தம்பி சண்டைன்னு கேட்டாலே தெரியும், நீயும் அக்காவும் போடாததா.

அப்புறம் அங்க ஜனங்க தெருவுல இறங்கினாங்க. எங்களை யார் ஆளணும்னு நாங்கதான் சொல்லணும், வாயைத் திறந்தா ஜெயில்ல போடறதை நிறுத்தணும்னு கேட்டு ஆயிரக்கணக்குல வந்தாங்க. உடனே அங்க நெட்டை அடைச்சுட்டாங்க, போனும் போகல. இவ காலேஜ் முடிஞ்சதும் நேரா கடைக்கு வந்து ஸ்டூல்ல உக்காந்துக்குவா. ஹாஸ்டல்ல எல்லாரும் என்னாச்சு என்னாச்சுன்னு கேக்கறாங்க ஆன்ட்டி, இங்க யாரும் கேக்கலன்னு சொன்னா. போனை மேஜை மேல வெச்சுக்கிட்டு ஒரே நம்பரைத் திரும்பத் திரும்பப் போடுவா. நான் பாட்டுக்கு வேலையைப் பாப்பேன். வர்றவங்களுக்குத் தலை சீவ சீப்பு எடுத்துக் குடுக்கறது, திரையை இழுத்து விடறதுன்னு அவளும் சும்மா இருக்க முடியாம எதையாவது செய்வா. எனக்கு அப்ப உன் நினைப்புதான். நீ ஒரு நாள் பேசலன்னா நான் என்ன பாடு படறேன்னு அப்பாவுக்குத் தெரியும். நீ பேசாட்டி தூக்கம் வந்திருக்கும், இல்ல மறந்திருப்பன்னு நினைச்சுக்கலாம். அவளுக்கு நினைச்சுக்க அந்த மாதிரி ஒண்ணும் இல்ல.

வேற நாட்டுல இருக்கற அவ சித்தப்பா ஒருத்தர்தான் கடைசியில கூப்பிட்டுச் சொன்னார். தம்பி சிநேகிதங்களோட ஊர்வலத்துல போயிருக்கான், சுட்டிருக்காங்க. உடம்பை வீட்டுக்குக் குடுக்கறப்பவே கூட்டம் கூட்டக் கூடாது, சத்தம் போட்டு அழக் கூடாது, விடியறதுக்குள்ள அடக்கம் பண்ணிடணும்னு சொல்லித்தான் குடுத்தாங்களாம். பெத்தவங்களும் அப்படியே பண்ணிட்டாங்க, வேற என்ன பண்ணுவாங்க. இவளுக்கு விஷயம் தெரியறப்ப எல்லாம் முடிஞ்சு போயிருந்துச்சு. மறுநாள் கடை திறக்கறதுக்கு முன்னாடியே வந்து வாசல்ல நின்னா. நான் சாவியைப் போட்டுத் திறந்தேன். உள்ள வந்ததும், என் தம்பி செத்துட்டான் ஆன்ட்டி, பெரிய படம் வேணும்னா. அவ்வளவுதான். அழல. என் பின்னாடியே வந்த அப்பா அவ தலை மேல கை வெச்சார்.

அவ போன்ல இருந்த படத்தைக் கம்ப்யூட்டர்ல போட்டேன். ஏதோ மலைப்பக்கம் போனப்ப எடுத்தது போல, இவளும் அவனும் பக்கத்துல பக்கத்துல நிக்கறாங்க. அவன் வாய் விட்டுச் சிரிக்கறதுல கண்ணு ரெண்டும் மூடிக்கிச்சு. கண்ணை நான் திறந்து வைக்கட்டுமா, வேற படத்துல இருந்து எடுத்துப் பொருத்திடலாம்னு கேட்டேன். வேண்டாம், அவன் சிரிச்சா அப்படித்தான்னு சொல்லிட்டா. அப்புறம் அவளை அதுல இருந்து வெட்டி எடுக்கணும். அவ முகம் வெளியில தெரிஞ்சா அங்க இருக்கற அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போய் விசாரிப்பாங்களாம், உன் பொண்ணு அங்க என்ன பண்றான்னு கேட்டு மிரட்டுவாங்களாம். சரின்னு அவளை எடுத்துட்டேன். எடுத்த அப்புறம் பாத்தா அவன் தோள் மேல அவ கை மட்டும் நிக்குது, நாலு விரல், ஒரு மோதிரம். இந்த மாதிரி படத்துல நாம எப்பவும் சட்டைத் துணியை மேல இழுத்து விட்டு மறைச்சிடுவோம், நீ சின்னதுல என் பக்கத்துல உக்காந்து பாத்திருக்க. நானும் பழக்கத்துல அதைச் செய்யப் போனேன். அவ என் மணிக்கட்டைப் பிடிச்சு நிறுத்திட்டா. அதை எடுக்காத ஆன்ட்டி, அது மட்டும் இருக்கட்டும்னா. அப்பத்தான் அழுதா. நான் படத்தை மூடிட்டு அவளை மடியில சாய்ச்சுக்கிட்டேன். வாசல்ல பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தவர் நிலைமையைப் பாத்துட்டு அப்புறம் வர்றேன்னு கையால ஜாடை காட்டிட்டுப் போயிட்டார்.

அதுக்கு அடுத்து மத்த பிள்ளைங்களும் செத்தவங்க படத்தோட வர ஆரம்பிச்சாங்க. ஒருத்தனோட மாமா பையன், ஒருத்தியோட பள்ளிக்கூடத் தோழி, அடுத்த வீட்டுக்காரர், அப்புறம் யாருன்னே தெரியாம போன்ல படமா வந்தவங்க. எல்லாத்தையும் பெரிசு பண்ணி அட்டையில ஒட்டிக் குடுங்க, பூங்கா வாசல்ல ஒரு மணி நேரம் வெச்சுக்கிட்டு நிக்கப் போறோம், போலீஸ்ல அனுமதி வாங்கியாச்சு, கோஷம் கிடையாது, மைக் கிடையாதுன்னாங்க. நீ நல்லாக் கேட்டுக்கோ, அனுமதி வாங்கித்தான் நின்னோம். நானும் அப்பாவும் ரெண்டு நாள் வேற வேலை எடுக்கல. செத்தவங்க படத்தைப் பெரிசு பண்றது எனக்குப் புதுசு இல்லடா. ஆனா வர்றது எல்லாம் வாழ்ந்து முடிச்சவங்க படமா இருக்கும், மக்க மனுஷங்க பக்கத்துல நின்னு சட்டை நீலமா இருக்கட்டும், முடியைக் கொஞ்சம் கறுப்பாக்குன்னு சொல்வாங்க. இது அப்படி இல்ல. காதுல ஹெட்போன் மாட்டின பொண்ணு. ஹெல்மெட்டோட ஒருத்தன், அதைக் கழட்டின படமே கிடைக்கலையாம். கைக்குழந்தையைத் தூக்கி வெச்சிருக்கற ஒரு ஆளு, அந்தக் குழந்தை முகத்தை நான் மறைக்க வேண்டியதாப் போச்சு. மறைச்சுட்டு எழுந்து போய் முகத்தைக் கழுவிட்டு வந்தேன். அப்பா கறுப்புக் கண்ணாடிக்குள்ள என்ன பண்ணினார்னு நான் கேக்கல.

எல்லாத்தையும் ஒட்டி முடிச்சு வரிசையா சுவத்துல சாய்ச்சு வெச்சப்பதான் தெரிஞ்சுது, படம் இருபதுக்கு மேல இருக்கு, பிள்ளைங்க ஆறு பேர்தான். அதுலயும் அவங்க மாஸ்க்கு போட்டுத் தொப்பி போட்டுப் பின்னாடிதான் நிக்க முடியும், யாராவது படம் எடுத்துப் போட்டா ஊர்ல இருக்கறவங்களுக்கு ஆபத்து. பூங்காக் கம்பியில கயிறு கட்டி மாட்டிடலாம்னு ஒருத்தன் சொன்னான். மருந்துப் பொண்ணு தலையை ஆட்டினா, காத்து அடிச்சாக் கீழ விழும், என் தம்பி கீழ விழக் கூடாதுன்னா. அப்பதான் அப்பா சொன்னார், நாங்க பிடிச்சுக்கறோம், எங்க மூஞ்சி இந்த ஊர்ல எல்லாரும் பாத்துச் சலிச்ச மூஞ்சி, எவன் படம் எடுத்தா எங்களுக்கு என்ன, எங்களுக்கு அங்க யாரும் இல்லையேன்னு. எனக்கு உன் நினைப்புதான் முதல்ல வந்துச்சு, இவனுக்கு ஏதாவது சங்கடம் வருமோன்னு. ஆனா அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பாத்ததுக்கு அப்புறம் மாட்டேன்னு சொல்ல வாய் வரல.

அப்பா தெருவுக்குள்ள போய் ஒவ்வொரு கடையா ஏறி இறங்கினார். சாவிக்காரர் விஷயத்தைக் கேட்டுட்டு எத்தனை மணிக்குன்னு மட்டும் கேட்டார். தையக்கார அக்கா அவங்க ரெண்டு பொண்ணுங்களையும் கூட்டிட்டு வந்தாங்க. உனக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்த வாத்தியார் கைத்தடியோட வந்தார், ஒரு கையிலதான் பிடிக்க முடியும், சின்னப் படமாக் குடுன்னார். அக்கா ஆபீஸ்ல இருந்து நேரா வந்தா. ஜெராக்ஸ்காரர் மட்டும் மாட்டேன்னுட்டார், மச்சினன் சர்க்கார் உத்தியோகத்துல இருக்கான், நமக்கு எதுக்கு வம்புன்னார். நீ கேட்ட அதே கேள்விதான். அவர் மேல எனக்கு வருத்தம் இல்ல. நாங்க நின்ன ஒரு மணி நேரமும் அவர் கடையைச் சாத்திட்டு எதிர்ச் சாரியில தனியா நின்னுக்கிட்டு இருந்தார், போகவும் இல்ல, வரவும் இல்ல.

அவ தம்பி படத்தை என் கையில குடுத்தா. நான் முன்னாடி நின்னேன், அவ எனக்குப் பின்னாடி, என் முதுகுப் பக்கத்துத் துணியைக் கொத்தாப் பிடிச்சுக்கிட்டு நின்னா. பஸ்ஸு போகுது, ஆட்டோ போகுது, வேலை முடிஞ்சு போறவங்க நின்னு பாத்துட்டுப் போறாங்க. ஒரு ஆளு வண்டியை நிறுத்தி, நம்ம ஊர்ல இல்லாத பிரச்சனையா, நம்ம ஆளுங்க செத்தா நிக்கறீங்களான்னு சத்தம் போட்டார். அவர் கேக்கறதும் நியாயம்தான். சாவிக்காரர்தான், நீங்க கூப்பிடுங்க தம்பி, அதுக்கும் வர்றேன்னு சொன்னார், கிண்டல் இல்லாம, நிஜமாவே. அந்த ஆளு கொஞ்ச நேரம் படங்களைப் பாத்துக்கிட்டு நின்னுட்டு, இதெல்லாம் இவ்வளவு சின்ன வயசான்னு கேட்டுட்டுப் போயிட்டார். அரை மணி நேரத்துக்கு மேல எனக்குத் தோள்பட்டை விட்டுப் போச்சு. அட்டையை நெஞ்சுல சாய்ச்சுக்கலாம்னு பாத்தா அவன் முகம் வளையுது. அதனால அப்படியே தூக்கிப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். அந்த நேரத்துல யாரோ எடுத்த படம்தான் உன்கிட்ட வந்தது.

அப்புறம் என்ன ஆச்சுன்னு நீ கேப்ப. போலீஸ்காரர் ஒருத்தர் கடைக்கு வந்து யார் ஏற்பாடுன்னு கேட்டார், அப்பா அனுமதிக் காகிதத்தைக் காட்டினார், எழுதிக்கிட்டுப் போனார், அதோட சரி. காலேஜ்ல பிள்ளைங்களைக் கூப்பிட்டுப் படிப்பை மட்டும் பாருங்கன்னு சொல்லியிருக்காங்க. அதுல ஒருத்தன் இப்ப நம்ம கடைப் பக்கமே வர்றதில்ல, பயம், பாவம். உலகத்துல வேற ஒண்ணும் மாறல. அங்க இன்னும் ஜெயில்ல போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்கன்னு மருந்துப் பொண்ணு சொல்றா. அவ பரிட்சை எழுதினா. போன வாரம் குட்டி அவளைப் பாத்து சிரிங்கன்னு சொல்லுச்சு, இவளும் சிரிச்சுட்டா, சிரிச்சுட்டு ஏதோ தப்புப் பண்ணின மாதிரி கையால வாயைப் பொத்திக்கிட்டா. அதைப் பாக்க எனக்குத் தாங்கல.

அரசியல் எனக்கு என்ன தெரியும்னு கேட்ட. தெரியாதுதான். ஆனா எங்களை ஆளறவங்களை நாங்க சொல்லணும்னு கேட்டதுக்குச் சுட்டுட்டு, பெத்தவளை அழக் கூடாதுன்னு சொல்றது தப்புன்னு தெரிஞ்சுக்க ஒருத்தி எவ்வளவு படிச்சிருக்கணும் கண்ணா. நாளைக்கு நீ இருக்கற இடத்துல எங்களைப் பத்தி ஏதாவது கெட்ட சேதி வந்து, வர முடியாம நீ தனியா நின்னா, உன் பக்கத்துல யாராவது ஒரு பொம்பளை, உன் பாஷை தெரியாதவளா இருந்தாலும் பரவாயில்ல, வந்து நிக்கணும்னுதானே நான் நினைப்பேன்.

முந்தாநாள்தான் இதை எழுதியே ஆகணும்னு தோணுச்சு. காரணம் சொல்றேன். அந்தப் படம் எப்படியோ சுத்திச் சுத்தி அவ அம்மாகிட்ட போய்ச் சேந்திருக்கு. நெட்டு கொஞ்ச நேரம் வந்தப்ப ஒரு சின்னக் குரல் பதிவு அனுப்பியிருக்காங்க. மருந்துப் பொண்ணு அதைக் கடைக்குக் கொண்டு வந்து போட்டுக் காட்டினா. ரொம்ப மெல்லமா, பக்கத்து ரூம்ல யாரோ தூங்கற மாதிரி பேசறாங்க. எனக்கு ஒரு வார்த்தை புரியல, ஆனா எந்த இடத்துல அவங்க மூச்சு நிக்குதுன்னு புரிஞ்சுது. என்ன சொல்றாங்கன்னு கேட்டேன். அவ பதிவை இன்னொரு தடவை போட்டுக் கேட்டா. அப்புறம் சொன்னா, என் பிள்ளையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது யார்னு அம்மா கேக்கறாங்க ஆன்ட்டி. எவ்வளவு நேரம் அப்படித் தூக்கிப் பிடிச்சிருந்தாங்க, அவங்களுக்குக் கை வலிச்சிருக்குமேன்னு கேக்கறாங்க.

வலிக்கலன்னு சொல்லுன்னேன். அப்படியே அவ திருப்பிப் பேசி அனுப்பினா. போய்ச் சேந்துச்சோ இல்லையோ, அதுக்குள்ள மறுபடி அடைச்சுட்டாங்க. பொய்தாண்டா சொன்னேன், இன்னும் எனக்குத் தலை பின்னக் கை மேல எழும்ப மாட்டேங்குது, அக்காதான் தைலம் தேச்சு விடறா. நீ இதுக்காக வேற கவலைப்படாத.

உன்னை எங்கயும் போய் நில்லுன்னு நான் சொல்லல. உன் வேலை, உன் விசாக் காகிதம் எல்லாம் எவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கினதுன்னு எனக்குத் தெரியும். ஒண்ணே ஒண்ணு மட்டும். உன் ஆபீஸ்ல ஈரான்காரர் ஒருத்தர் இருக்கார், யாரோடவும் பேச மாட்டார், மத்தியானம் தனியாத்தான் சாப்பிடுவார்னு எப்பவோ சொல்லியிருக்க. முடிஞ்சா நாளைக்கு உன் தட்டை எடுத்துக்கிட்டுப் போய் அவர் மேஜையில உக்காரு. வீட்டுல எல்லாரும் எப்படி இருக்காங்கன்னு கேளு. அவர் சொன்னா கேட்டுக்கோ, சொல்லாட்டி பேசாம சாப்பிடு.

குளிருக்குக் காதை மூடிக்கோ. அக்காவுக்கு வாரம் ஒரு தடவையாவது பேசு, அவ வெளியில சொல்லிக்க மாட்டா, உன் போனுக்காகக் காத்துக்கிட்டுத்தான் இருப்பா. அப்பா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், கோவம் எல்லாம் ஒண்ணும் இல்லன்னும் சொல்லச் சொன்னார். நீ எங்க இருந்தாலும் ஒரு குறையும் இல்லாம, பக்கத்துல நாலு நல்ல மனுஷங்களோட, நெடுநாள் நல்லா இருக்கணும் என் ராசா.

என்றும் உன் நினைப்பாவே இருக்கற,
அம்மா